ஒரு மீதி வராமல் போனால்

கணிதத் துறையின் மாடியறையில் அவளைக் குமாஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரிகளுக்கு இடையேயான கணக்குப் போட்டிக்கு அங்கே வாரம் நான்கு மாலை பயிற்சி. யாருக்கு முதலில் வழி தோன்றுகிறதோ அவர் பெயர் பயிற்சி நோட்டில் ஏறும். நிரூபணத்தை வரி வரியாக எழுதும் வேலை மட்டும் அவள் தலையில்.

பெரும்பாலும் ஏறிய பெயர் அவள் வகுப்புத் தோழனுடையது. பட்டப்பெயர் புயல். எந்த ஐந்து முழு எண்களை எடுத்தாலும் அவற்றில் மூன்றின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபடும் என்று நிறுவச் சொன்னால், அடுத்த நொடி பலகையில் நிற்பான்.

"மூணால வகுத்தா மீதி பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு. ஒவ்வொண்ணுலயும் ஒரு எண்ணை எடு, கூட்டு. வகுபட்டுடும். முடிஞ்சுது!"

"ஒரு மீதி வராமலே போனா?"

"அதை நீ எழுதிக்கோ, தாயே."

எழுதிக்கொண்டாள். கணக்கில் பாதியே அதுதான் என்று அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவளுக்கும் உறைக்கவில்லை.

இறுதியாண்டில் அணியில் ஒரே ஓர் இடம் மிச்சம். இதை விட்டால் அவளுக்கு இனி வாய்ப்பில்லை. பேராசிரியர் நோட்டைப் புரட்டிப் பெயர்களை எண்ணினார். அவனுக்கு நாற்பத்தொன்று, அவளுக்கு ஆறு.

"சார், எல்லாத்தையும் எழுதி முடிச்சது நான்தானே?"

"கையெழுத்து அழகா இருக்கும்மா. ஆனா யோசனை அவனோடது."

அவள் கீழே இறங்கினாள். அன்று அழுதாள், அதுவும் கழிவறையில், குழாயைத் திறந்துவிட்டு.

போட்டி முடிந்ததும் புயல் வினாத்தாளோடு ஓடி வந்தான். மூன்று கணக்கை முடித்துவிட்டானாம். முதல் கணக்கைக் கேட்டாள்.

"ரெண்டு எண்ணும் சமமா இருந்தா என்ன ஆகும்னு எழுதினியா?"

அவன் முகம் தொங்கிப்போனது. "அதெல்லாம் எப்பவும் நீதானே பாத்துப்ப. அப்படியே விட்டுட்டேன்."

மற்ற இரண்டிலும் அதே கதைதான். மூன்றுக்கும் சேர்த்துப் பூஜ்யம் வந்தது. சந்தோஷப்பட முயன்று பார்த்தாள், அதுகூட வரவில்லை.

அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்காக அந்த மூன்றுக்கும் சரியான விடையை எழுதித் தரச் சொன்னார் பேராசிரியர். அவள்தானே குமாஸ்தா! மாலை முழுக்கத் தனியாக உட்கார்ந்து, ஒரு வகையைக்கூட விடாமல் எழுதினாள். கொடுக்கப்போகும்போதுதான் பார்த்தாள். மூன்று தாளின் தலையிலும், கைப்பழக்கத்தில், அவன் பெயரையே எழுதியிருந்தாள்.