சிரித்ததற்கு ஒரு மன்னிப்பு

மொகி தெத்சுரோ எங்கள் கமினுமா நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அலுவலகத்தில் அவர் பேசி நான் கேட்டதெல்லாம் "சரிங்க", "பாத்துடலாம்", "நாளைக்கு வர்றேன்" என்கிற மூன்றுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம்.

திருவிழா நாட்களில் அதே மனிதர்தான் புருமாரு என்கிற பொம்மை. ஜப்பானில் ஊருக்கு ஊர் ஒரு பொம்மை வேடம் உண்டு. பக்கத்து ஊருக்கு வெங்காயத்தாள், அதற்கடுத்த ஊருக்குக் குதிரை. எங்கள் மலையில் விளைவது சேனைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு கிழங்கு. அதை மாவாக்கிக் காய்ச்சி உறையவைத்தால் சாம்பல் நிறத்தில் தளதளவென்று வருவதுதான் கொன்யாக்கு. ஆகவே எங்கள் பொம்மையும் ஆளுயரச் சாம்பல் கட்டி. இரண்டு கண், இரண்டு கால், ஒரு சிவப்புக் கோமணம். கோமணம் யாருடைய யோசனை என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

உள்ளே ஆள் இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது. புருமாரு பேசவும் கூடாது. கட்டிக்குள் இருந்தால் கண்ணும் சரியாகத் தெரியாது. கைபிடித்து நடத்தவும், கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவும் ஒருத்தி வேண்டும். அது சுற்றுலாப் பிரிவில் இருக்கும் நான், நெகிஷி யாசுகோ. சம்பளத்தில் இதற்குத் தனியாக ஒன்றும் கிடையாது.

புருமாருவுக்கு இடுப்பு இல்லை. தைத்தவர்கள் அதை யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் எதிரே வருகிறவருக்கெல்லாம் குனிந்து வணங்க வேண்டும். இடுப்பில்லாத உருவம் குனிந்தால் கவிழத்தானே செய்யும்? முதல் வருடம் மேயருக்கு வணக்கம் சொல்லப் போய் அவர் காலடியிலேயே விழுந்தார். வேறொருவராக இருந்தால் வேடத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் போயிருப்பார். மொகி அந்த விழுகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் மெத்தையை விரித்து விழுந்து பழகினார். முதலில் கீழே ஒரு நடுக்கம் தொடங்கும். அது மெல்ல மேலே ஏறும். ஒரு பக்கமாகச் சாய்ந்து, சரி, சமாளித்துவிட்டது என்று நாம் மூச்சு விடும்போது வழுக்கென்று போய்விடும். சாப்பிடும் குச்சியிலிருந்து கொன்யாக்கு நழுவுகிறது பாருங்கள், அச்சு அசல் அதே விழுகை.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. ஆனால் உள்ளே யார் என்று ஊருக்கே தெரியும். குழாய் உடைந்தால் ஓடி வருகிற மனுஷன் கஷ்டப்பட்டு விழுகிறார், சிரிக்காமல் நின்றால் நன்றாகவா இருக்கும்? மொகியை அரித்துக்கொண்டிருந்தது இதுதான். தான் செய்வது உண்மையிலேயே வேடிக்கையாக இருக்கிறதா, அல்லது குழாய்க்காகச் சிரிக்கிறார்களா?

வசந்தகாலத் திருவிழாவுக்கு எல்லியட் என்று ஒரு கனடாப் பையன் வந்தான். ஜப்பானில் உள்ள கோணங்கித்தனங்களையெல்லாம் படம் பிடித்து வலையில் போடுவது அவன் பிழைப்பு. புருமாரு கோவில் பூசாரியின் முன்னால் குனிந்து கவிழ்ந்ததை எடுத்தான். படத்தில் பாதிக்கு மேல் வானம்தான் தெரிகிறது. சிரித்த சிரிப்பில் அவனால் கேமராவைப் பிடிக்க முடியவில்லை.

மொகி அதை என் கைபேசியில் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். பச்சைத் தேநீர் ஆறிப் போனது.

"நெகிஷி சான், இவனுக்கு நான் யாருன்னே தெரியாது."

"தெரியாதுதான்."

"இவன் வீட்டுக் குழாயை நான் தொட்டதே இல்ல. ஆனாலும் சிரிக்கிறான் பாருங்க!"

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தப் படத்தில் எனக்குக் கோபம் வந்தது ஒரே இடத்தில்தான். கொன்யாக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு, செருப்பு மாதிரி இருக்கிறது என்கிறான். நாக்கு செத்த பயல்.

கோடைக்குள் காரியம் கெட்டது. ஜப்பானியரை எப்படிக் கேலி செய்யலாம், இன்னொரு நாட்டின் பண்பாடு உனக்குக் காட்சிசாலையா என்று அவன் நாட்டுக்காரர்களே அவனைப் பிடித்துத் திட்டித் தீர்த்தார்கள். எங்களுக்காக ஆயிரக்கணக்கான பேர் கோபப்பட்டார்கள். அதில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. நாங்கள் கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தோம். பையன் பயந்துபோய், இலையுதிர்காலத் திருவிழாவுக்கு நேரில் வந்து புருமாருவிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நகராட்சிக்கு எழுதினான்.

எங்கள் பிரிவுத் தலைவர் இசோபே உடனே கூட்டம் போட்டார்.

"இது உலகமே பாக்கிற விஷயம். புருமாரு கௌரவமா நடந்துக்கணும். அன்னைக்கு விழவே கூடாது. அன்னைக்கு மட்டும் இல்ல, இனிமே எப்பவுமே விழ வேண்டாம். நாம கோமாளிங்க இல்ல."

"தலைவரே, கோமணம் கட்டின கொன்யாக்குக்கு என்ன கௌரவம்?" என்றேன்.

"நெகிஷி, நீ சும்மா இரு. மொகி, அவன் வணங்கினா நீ கையை மட்டும் ஆட்டு. போதும்."

மொகியின் முகத்தில் ஈயாடவில்லை.

"சிரிச்சதுக்கா மன்னிப்புக் கேக்க வர்றான்?"

"ஆமா."

"சரிங்க," என்றார்.

அந்தச் "சரிங்க"வை என்னால் தாங்க முடியவில்லை. மனுஷனுக்குக் கிடைத்த ஒரே கலப்படமில்லாத சிரிப்பு அது. அதையும் திருப்பி வாங்கிக்கொள்ள ஒருவன் கடல் தாண்டி வருகிறான், இவர் சரிங்க என்கிறார்.

திருவிழா வந்தது. எல்லியட் இரவல் மாதிரித் தெரிந்த கறுப்புக் கோட்டில், கையில் இனிப்புப் பெட்டியோடு மேடையில் வந்து நின்றான். இசோபே மைக்கைப் பிடித்து, "இன்னைக்கு யாரும் தயவுசெஞ்சு சிரிக்க வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். மைக்கில் சொல்லிவிட்டால் சிரிக்காத ஊர் எங்களுடையது. வறுத்த நூடுல்ஸ் கடைக்காரர்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றார்.

"தாங்கள் என் பொருட்டு அடைந்த மனவேதனைக்காக மிகவும் வருந்துகிறேன்," என்று எல்லியட் புத்தகத்தில் படித்த மொழியில் சொன்னான். பிறகு செங்கோணமாகக் குனிந்தான். அப்படியே நின்றான்.

புருமாரு கையை ஆட்டினார். பையன் தரையையல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறான்? அவனுக்கு எப்படித் தெரியும்? எதிராளி பதிலுக்கு வணங்கும்வரை நிமிரக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இவர் ஆட்டுகிறார், அவன் நிமிரவில்லை. காது சிவந்து, கழுத்து சிவந்து, கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. கூட்டத்தில் யாரோ, "பாவம், புள்ள விழுந்துறப் போகுது, பதிலுக்கு வணங்குப்பா" என்றார்கள்.

மொகி என் கையை மெல்ல விலக்கினார். வணங்கினார். கவிழ்ந்தார்.

சத்தம் கேட்டு நிமிர்ந்த எல்லியட், தட்டில் வைத்தது போலக் கிடந்த புருமாருவைப் பார்த்தான். உதட்டை இறுகக் கடித்தான். தன்னால்தான் இதுவும் என்று நினைத்தானோ என்னவோ, "வருந்துகிறேன்!" என்று முன்னைவிட ஆழமாகக் குனிந்தான். காவலுக்கு நின்ற தீயணைப்புப் படையினர் ஓடி வந்து புருமாருவைத் தூக்கி நிறுத்தினார்கள். இப்போது இதற்கும் பதில் வணக்கம் பாக்கி.

"வேண்டாம்! வேண்டாம்!" என்று இசோபே குறுக்கே பாய்ந்தார்.

மொகி இந்தத் தடவை அவசரப்படவே இல்லை. கீழே நடுங்கத் தொடங்கினார். நடுக்கம் கோமணத்தைத் தாண்டி மேலே ஏறியது. இடது பக்கம் சாய்ந்தார், நின்றார். இசோபே நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சுக்குத்தான் காத்திருந்தவர் போல மொகி வலது பக்கம் வழுக்கி, இசோபே மேல், இனிப்புப் பெட்டி மேல், மொத்தமாகப் போய்ச் சேர்ந்தார். கட்டிக்கு அடியிலிருந்து தலைவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

எல்லியட்டின் வாயிலிருந்து பிரஷர் குக்கர் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அவனால் எதையும் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு நொடியில் தான் செய்வது உறைத்து, முகம் வெளுத்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையைத் தாழ்த்தினான்.

"என்னை மன்னித்தருள..."

"கேக்காத!" என்று கட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "மன்னிப்புக் கேக்காத! சிரி!"

குடிநீர்ப் பிரிவுக் குரல்தான். மொத்த ஊரும் கேட்டது. முதலில் நூடுல்ஸ் கடைக்காரர் சிரித்தார், பிறகு மேயர், அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியாது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பாலும்தான்.

கூடாரத்துக்குள் வேடத்தின் பின்பக்கத்தைத் திறந்துவிட்டேன். மொகி தொப்பலாக நனைந்திருந்தார். குளிர்ந்த பார்லித் தண்ணீரைக் கொடுத்தேன். அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு உள்ளேருந்து ஒண்ணும் தெரியல. சத்தம்தான் கேட்டுச்சு. அந்தப் பையன், நான் சொன்னதுக்காகச் சிரிச்சானா?"

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சாச்சு."

"மரியாதைக்கு?"

"மொகி சான், அவனுக்கு மூக்குலேருந்து சளி வந்துடுச்சு. அந்தக் கறுப்புக் கோட்டுலயே தொடைச்சான். நானே பார்த்தேன். மரியாதைக்குச் சிரிக்கிறவனுக்கு மூக்கு ஒழுகுமா?"

அவர் குவளையை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஒழுகிச்சா?" என்று கேட்டார்.

"ஒழுகிச்சு," என்றேன். அப்புறம்தான் தண்ணீரைக் குடித்தார்.