பதவி வரிசைப்படி ஒரு கிரிக்கெட்

குழு விளையாட்டு மனிதர்களைச் சமமாக்கும் என்பவர்கள் தில்லியில் அரசு அலுவலகக் கிரிக்கெட்டைப் பார்த்ததில்லை. நான் ஓய்வு பெறும்வரை எங்கள் அலுவலக அணிக்கு மேலாளராக இருந்தேன். ஆட்டம் தெரியும் என்பதால் அல்ல. ஆடப் போகிறவர்களுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு வாங்கும் முறை எனக்குத்தான் தெரியும்.

எங்கள் அணியில் பதவி வரிசைதான் பேட்டிங் வரிசை. இயக்குநர் முதலில் இறங்குவார், பிறகு துணைச் செயலர், அதன்பின் சார்புச் செயலர்கள். உண்மையிலேயே ஆடத் தெரிந்த ஒரே ஆள் திருநெல்வேலியிலிருந்து வந்த இளநிலை எழுத்தர். அவருக்குப் பதினொன்றாவது இடம்.

ஒருமுறை லோதி ரோடு மைதானத்துக்கு, எல்லா அமைச்சகங்களுக்கும் பொதுவான அணிக்கு ஆள் எடுப்பவர் வந்திருந்தார். ஆட்டம் தொடங்குமுன் எழுத்தர் என்னிடம் வந்தார்.

"சார், நாலு பந்து கெடச்சாப் போதும், அவரு கண்ணுல பட்டுருவேன். கொஞ்சம் முன்னால எறக்கச் சொல்லுங்களேன்."

இயக்குநரிடம் சொன்னேன். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். கையுறையை மாட்டியபடி சிரித்தார்.

"அச்சா, இன்னிக்கு பேட்டிங்ல சீனியரைத் தாண்ட விட்டா, நாளைக்கு பிரமோஷன்லயும் கேப்பான். உங்களுக்குத் தெரியாத ரூலா சார்?"

அப்படி ஒரு விதி எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆனாலும் அதைத்தான் எல்லாரும் கடைப்பிடித்தார்கள்.

சார்புச் செயலர்கள் அவரவர் தகுதிக்கேற்ற வேகத்தில் திரும்பி வந்தார்கள். இயக்குநர் மட்டும் பந்துகளைத் தடவிக்கொண்டு நின்றார். கடைசியாக எழுத்தர் இறங்கியபோது இரண்டு ஓவர் மிச்சம் இருந்தது. முதல் பந்து இயக்குநருக்கு. ஓராண்டாக மேசையில் ஒரு ஃபைலைக்கூட நகர்த்தாத அந்த மனிதர், ஓவரின் கடைசிப் பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரன்னுக்கு மான்போல் ஓடினார். அடுத்த ஓவரும் அவருக்கே. அதில் மூன்றாவது பந்து ஸ்டம்பைச் சாய்த்தது. எழுத்தர் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஆள் எடுக்க வந்தவர் அதற்குள் காரில் ஏறிவிட்டார்.

சமோசா வந்ததும் இயக்குநர் பேசினார்: மைதானத்தில் பெரியவன், சின்னவன் என்ற பேதமே கிடையாது. எல்லாரும் கைதட்டினோம், துணைச் செயலர் சற்றுக் கூடுதலாக.

அடுத்த பருவத்தில் எழுத்தர் கிரிக்கெட்டுக்கு வரவில்லை. நெடுந்தூர ஓட்டத்துக்கு விடுப்பு கேட்டு என் மேசைக்கு வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அதுல முன்னால போறவரு யாரா இருந்தாலும் தாண்டிரலாம்லா சார்."

உடனே பரிந்துரைத்தேன். இயக்குநர் ஓடமாட்டார் என்பதை மட்டும் முன்பே விசாரித்துவைத்திருந்தேன்.