பெரியம்மா வடித்துக் கொட்டிய கசப்பு

எங்கே நாலு பேர் கூடினாலும் உங்கள் பெரியம்மா அந்தக் கதையை எடுத்துவிடுகிறார். கல்யாணம், காதுகுத்து, சாமை அடிக்கிற களம், எதுவும் பாக்கியில்லை. "எங்க கொழுந்தனாரு பெங்களூர்லேர்ந்து ஒரு பூவு எடுத்தாந்தாரு பாரு" என்று ஆரம்பித்தால் போதும், முடிப்பதற்குள் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன காதுகுத்தில் நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதைப் பார்த்து, "அப்பாவுக்கு இன்னா கோவம்?" என்று உங்கள் அம்மாவைக் கேட்டீர்களாம். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். கோர்வையாக வராது. வந்தபடி படியுங்கள்.

நான் பெங்களூரில் பீர் கம்பெனியில் இருக்கிறேன் என்று ஊரில் சொல்கிறார்கள். கம்பெனி இல்லை, அது ஓர் ஓட்டல். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அவர்களே பீர் காய்ச்சி, முன்னால் வந்து உட்காருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பார்கள். நான் காய்ச்சுகிறவன் இல்லை. காய்ச்சிய டேங்கைக் கழுவுகிறவன். மருந்துத் தண்ணீர் விட்டு, சுடுதண்ணீர் விட்டு, அப்புறம் பச்சைத் தண்ணீர் விட்டு, முகர்ந்து பார்த்து, வாசனை இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. என் கைத்தோல் வெடித்திருக்கிறதே, கட்டெறும்பு கடித்ததா என்று கேட்டீர்களே, அது இந்த மருந்துத் தண்ணீர்தான்.

கழுவிக்கொண்டே பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முளைகட்டிக் காயவைத்த தானியத்தை, வழக்கமாகப் பார்லியை, உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பாக ஒரு தண்ணீர் இறங்கும். தானியத்தை எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். கொதிக்கும்போது ஹாப்ஸ் என்ற ஒரு கொடியின் காய்ந்த பூவைப் போடுவார்கள். பச்சை நிறம், செதில் செதிலாக இருக்கும். கசக்கினால் விரலில் மஞ்சள் பொடி பிசுபிசுவென்று ஒட்டும். பீரின் கசப்பு அந்தப் பூ கொடுப்பதுதான். கொதி வந்ததுமே போட்டால் கசப்பு முழுக்க இறங்கிவிடும், வாசனை ஆவியோடு போய்விடும். இறக்குகிற சமயத்தில் போட்டால் வாசனை நிற்கும், கசப்பு அடங்கி வரும். எவ்வளவு பூ, எந்த நேரத்தில், இதுதான் கைப்பக்குவம். மற்றதெல்லாம் அடுப்பு வேலை.

சிறுதானியம் என்றால் இப்போது பெங்களூரில் ஒரு மவுசு. எங்கள் முதலாளிக்குச் சாமையில் ஒரு கசப்பு பீர் வேண்டும் என்று ஆசை. காய்ச்சுகிற மாஸ்டர் பார்லிக்குப் போடுவது போலவே பூவை எல்லாம் முன்னாலேயே போட்டார். வந்தது பீர் இல்லை, காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற கஷாயம். சாமை மெலிசான தானியம். பார்லி போலக் கசப்பைப் போர்த்திக்கொள்ள அதில் சதை கிடையாது. இதைத்தான் மாஸ்டரிடம் சொன்னேன். "சார், சாமை தாங்காது. முன்னாடி ஒரு சிட்டிகை போட்டுட்டு, மிச்சத்த எறக்கச் சொல்ல போட்டுப் பாக்கலாம்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "உன் டேங்க் காஞ்சிடுச்சா?" என்றார்.

முதலாளி காதில் அது விழுந்தது. அவர் கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊருக்குப் போறேன்னு சொன்னியே, உங்க சாமையில நீயே காய்ச்சி ஒரு கேன் எடுத்துட்டு வா. இங்க வெச்சு ஈஸ்ட் போட்டுப் பாத்துடலாம். காய்ச்சற எடத்துல ஒரு ஆள் எடுக்கணும். சரியா வந்தா வெளி ஆள் எதுக்கு, நீயே நில்லு" என்றார். திங்கட்கிழமை ஒருத்தன் வேலை கேட்டு வருகிறான், அதற்குள் கொண்டு வா என்றும் சொன்னார். சாமையோடு கலக்க முளைகட்டின பார்லி கொஞ்சமும், பாக்கெட்டில் மிச்சம் இருந்த பூவும் கொடுத்தார். அந்தப் பூ கடல் தாண்டி வருகிறது. அந்த வகை அதோடு தீர்ந்தது.

புரிகிறதா? இத்தனை வருடம் டேங்குக்குள் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு, கொதிக்கிற பக்கம் போய் நிற்க ஒரு வழி திறந்தது.

வீட்டுக்கு வந்து முதலில் சின்னச் சட்டிகளில் பார்த்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், முகம் சுளித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தீர்கள். ஒரே இனிப்புத் தண்ணீரைப் பங்கு போட்டு, ஒரு சட்டியில் பூவைக் கொதியின் ஆரம்பத்தில் போட்டேன். ஒன்றில் நடுவில். ஒன்றில் இறக்கிவைத்த பிறகு போட்டு மூடினேன். முதல் சட்டி தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது, வெல்லம் தின்றும் போகவில்லை. நடுவில் போட்டது அதிலும் சேராமல் இதிலும் சேராமல் இருந்தது. கடைசிச் சட்டியைத் திறந்தபோது நார்த்தை இலையைக் கசக்கின மாதிரி வாசனை வந்தது. ஆனால் கசப்பு சுத்தமாகப் போதவில்லை. அப்போதுதான் அளவு பிடிபட்டது. முன்னால் கொஞ்சம், பின்னால் நிறைய. நான் சொன்னது சரி. மாஸ்டரிடம் வாயால் சொன்னதை நாக்கால் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நம் மலையில் ஒருவன் அண்டாவை அடுப்பில் ஏற்றினால் ஊர் ஒன்றே ஒன்றைத்தான் நினைக்கும். அதனால்தான் நான் பட்டப்பகலில், நடு வாசலில், எல்லாரும் பார்க்கும்படி காய்ச்சினேன். புளிக்கவைக்கிற ஈஸ்ட் சேராதவரை அது வெறும் தானியத் தண்ணீர், போதை கிடையாது. ஈஸ்ட் என் பையில் கிடையாது. கொதிக்கக் கொதிக்கக் கேனில் ஊற்றி இறுக்கி மூடிவிட்டால் பெங்களூர் போகிறவரை கெடாது. என்னை ஒருவன் சாராயக்காரன் என்று சொல்லிவிடக் கூடாது, உங்களைப் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டுவிடக் கூடாது என்று அவ்வளவும் யோசித்தேன். யோசிக்காதது ஒன்றே ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை. அண்டா கொதித்தது. முதல் பூவைப் போட்டுவிட்டேன். பின்னால் போட வேண்டியதைத் துணியில் கட்டி அண்டா பக்கத்திலேயே வைத்தேன். முதலாளி போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார். நம் வீட்டில் சிக்னல் கிடையாது, ரோட்டு வளைவுக்குத்தான் போக வேண்டும். உங்கள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அண்ணி, அதாவது உங்கள் பெரியம்மா, வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, போன் பேசிட்டு வந்துர்றேன். அடுப்பு அணையாம பாத்துக்குங்க."

"நீ போய்ட்டு வா தம்பி. நான் பாத்துக்கறேன்."

பேசிவிட்டுச் சந்தோஷமாகத்தான் வந்தேன். கேன் வரட்டும், அப்புறம்தான் அந்த ஆளைப் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். வந்து பார்த்தால் வாசல் மண் அண்டாவிலிருந்து வேலி வரைக்கும் ஈரம். ஈ மொய்க்கிறது. அண்டா அடுப்பில்தான் இருந்தது, தீயும் நன்றாக எரிந்தது. உள்ளே பார்த்தேன். வேறு தண்ணீர். வெளுத்த தண்ணீர். துணியில் கட்டி வைத்த பூவும் உள்ளே மிதந்தது. அதோடு ஒரு பெரிய உருண்டைப் புளி.

"அண்ணி, இதுல இருந்த தண்ணி எங்க?"

"கொட்டிட்டேன் தம்பி. நாக்குல வெச்சா இன்னா கசப்பு! அதான் மொதல் தண்ணிய வடிச்சிட்டு, வேற தண்ணி ஊத்தி, புளி போட்டிருக்கேன். இன்னும் ரெண்டு தண்ணி வடிச்சா எறங்கிடும். உப்பு இன்னும் போடல."

காட்டுக் கிழங்கு தோண்டி வந்தால் நம் வீட்டில் அப்படித்தான். முதல் தண்ணீர் விஷம். வடித்துக் கொட்ட வேண்டும், புளி போட்டு மறுபடி வேகவைக்க வேண்டும், கசப்பும் அரிப்பும் போன பிறகுதான் பிள்ளைகளுக்கு. என் பூவை அவர் கிழங்காக்கிவிட்டார். எனக்கு வேண்டியது அந்தத் தண்ணீர். அவர் பத்திரப்படுத்தியது சக்கை.

"யாரு உங்கள தொடச் சொன்னது? அடுப்பத்தானே பாக்கச் சொன்னேன்!" என்று கத்தினேன். அண்ணியிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. சத்தம் கேட்டு உங்கள் பெரியப்பா வெளியே வந்தார்.

"டேய், கொரல எறக்கு. இன்னா பெரிய பூவு? கசப்பு போகட்டும்னு செஞ்சா."

"கசப்புதான்ணா வேணும்! அதுக்குத்தான் காசு குடுக்கறான் அங்க!"

"கசப்புக்கா?" பெரியப்பா அண்ணியைப் பார்த்தார், அண்ணி அவரைப் பார்த்தார். அப்போது ஆரம்பித்த சிரிப்புதான். "வேப்ப மரம் நம்மாண்ட எத்தினி கீது! லாரி வெச்சு அனுப்பலாமே!"

நான் அண்டாவைப் பிடித்துக் கவிழ்த்தேன். தீ சீறிக்கொண்டு அணைந்தது. நீங்கள் பயந்துபோய்ப் பெரியம்மா பின்னால் ஒளிந்துகொண்டீர்கள். அப்போது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீ அந்தாண்ட போனதும் உன் புள்ளைங்க ரெண்டும் கரண்டியில மொண்டு ஊதி ஊதி நக்கினு இருந்துதுங்க. கசப்புக்குள்ள இனிப்பா வேற கீது. குடிச்சிட்டு எதுனா ஆச்சுன்னா நீ இன்னா பண்ணுவ? யாரக் கேட்ப?"

அவர் கேட்டது நியாயம்தான். அதனால் கோபம் தணிந்தது என்று நினைக்காதீர்கள். பதில் சொல்ல முடியாத கோபம் இன்னும் மோசம். திட்டுவதற்கு ஆள் கிடையாது. கெட்டது செய்தவரை வெறுக்கலாம். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து என் பிழைப்பைக் கொட்டியவரை என்ன செய்வது? ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அவ்வளவு நல்ல வாசனையாக இருந்தது.

காலி கேனோடு ஒடுகத்தூர் பஸ் ஏறினேன். திங்கட்கிழமை முதலாளியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், கேன் பஸ்ஸில் உடைந்தது என்று. வாய் வரவில்லை. "புளி போட்டாங்களா!" என்று அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். மாஸ்டரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பரிமாறுகிற பையன்களைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னபோது, "சார், அது கதை இல்ல. என் வேலை" என்றேன். பையன்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். "இன்னொரு வாட்டி காய்ச்சறேன் சார், இங்கயே, உங்க கண்ணு முன்னாடி" என்றேன்.

"பூ இல்லையேப்பா" என்றார் முதலாளி. "அந்த ஆளும் வந்து உக்காந்துட்டான்."

அந்த ஆளைத்தான் எடுத்தார்கள். என் வயதுக்காரன்தான், நல்லவன், யாரையும் மரியாதை இல்லாமல் பேச மாட்டான். புதுப் பூ வந்து இறங்கிய பிறகு, முதலாளி சாமையை மறுபடி காய்ச்சச் சொன்னார். அன்றைக்கு அவன் பூவை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு கொதிக்கிற அண்டா பக்கம் நின்றான். நான் கீழே டேங்கில் இருந்தேன். குனிந்து என்னிடம் கேட்டான். "அண்ணா, நீங்க சாமையில போட்டுப் பாத்தீங்களாமே. எல்லாத்தையும் இப்பவே போட்டுடலாமா?"

அவன் என்னிடம் எதையும் பிடுங்கவில்லை. அது எனக்குத் தெரியும். இருந்தும் வெடித்த கைக்குள் குழாய் இறுகியது.

"மாஸ்டரக் கேளுப்பா" என்றேன். தண்ணீரைத் திறந்துவிட்டேன்.