எதிர்வீட்டு எலுமிச்சை

நகையைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வராது. காரைப் பார்த்தாலும் வராது. அடுத்தவர் செடி காய்த்தால் மட்டும் வயிறு எரியும். தென்காசியில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் அது முற்றியது. காரணம் எதிர்வீட்டு அக்கா.

அக்கா வீட்டில் தோட்டம் என்று சொல்ல இடமே கிடையாது. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஒரு மூன்றடிச் சந்து. அதற்குள் கொடியில் புடலை, சுவரோரம் கத்தரி, ஓட்டைக் குடத்தில் புதினா, மூலையில் ஓர் எலுமிச்சை. அரிசி களைந்த தண்ணீரைப் போகிற போக்கில் ஊற்றுவார், அவ்வளவுதான் கவனிப்பு. அதற்கே அந்த எலுமிச்சை காய்த்துக் கொடுக்கும். அவரும் தெருவில் எல்லோருக்கும் கொடுப்பார். எனக்கும் இரண்டு வரும். பிழியும்போது எரிச்சலாக இருக்கும்.

என் மொட்டைமாடியிலும் ஒரு டிரம்மில் எலுமிச்சை இருந்தது. நாலு வருஷமாக ஒரு பூ கூட விடவில்லை. எனக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை. சீசனில் மூலிகைத் தண்ணீர் என்று எல்லோரும் தலையைக் கொடுக்க வரும் அருவியில், நான் அஞ்சு லிட்டர் கேனில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

“வீட்டுல யாருக்கு மேலுக்குச் சரியில்ல?” என்று கண்டக்டர் கேட்பார். செடிக்கு என்று சொல்ல வெட்கமாக இருக்கும். சீசன் முடிந்தால் குழாய்த் தண்ணீர், காலையும் மாலையும், ஒரு நாள் தவறாமல். இலை மட்டும் பச்சைப் பசேலென்று தழைத்து நின்றது.

போன சித்திரையில் அக்கா பிள்ளைகளோடு வடக்கே கிளம்பினார். அவர் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார், அந்த முறை லீவு கிடைக்கவில்லை. கேட் சாவியை என்னிடம் கொடுத்தார்.

“செடிக்கெல்லாம் தண்ணி விட்டுருவியாட்டி? ஒன்ன மாதிரி செடி மேல பிரியம் இங்கன யாருக்கு இருக்கு?”

முதல் நாள் எல்லாவற்றுக்கும் ஊற்றினேன். இரண்டாம் நாள் எலுமிச்சையில் புதிதாக நாலு பிஞ்சு கண்ணில் பட்டது. வாளியோடு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தண்ணீரைக் கத்தரிக்கு ஊற்றிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எலுமிச்சைக்கு மட்டும் ஒரு சொட்டு கிடையாது. இரண்டு வாரத்தில் இலை சுருண்டது, பிஞ்சு உதிர்ந்தது. பாவமாக இருந்ததா என்றால், இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்கா திரும்பி வந்தார். “வெயில் கொடுமக்கா” என்றேன். நம்பினார். குடம் குடமாக எலுமிச்சைக்கு ஊற்றினார்.

கொஞ்ச நாளில் சந்து முழுக்க வாசம். இலை தெரியாத அளவுக்குப் பூத்திருந்தது அந்தச் சனியன். “எல்லாம் இவ கைராசி” என்று அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாரல் தொடங்கிய வாரம் அக்காவின் அண்ணன் வந்தார். புளியங்குடியில் எலுமிச்சைத் தோப்பும் கமிஷன் கடையும் வைத்திருப்பவர். செடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“நல்லாக் காயப் போட்டு, பொறவு தண்ணி விட்டுருக்கு. பூ எடுக்கதுக்கு நாங்களும் இப்படித்தான் செய்வோம். இலை சுருளுத வரைக்கும் விட்டுப் பிடிக்கணும். யாரு செஞ்சது?”

அக்கா பெருமையாக என்னைக் காட்டினார். அதோடு விட்டாரா? “இவ மாடியில ஒண்ணு நிக்கி, காய்க்கவே மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாருங்கண்ணே” என்று அவரையும் கூட்டிக்கொண்டு என் பின்னாலேயே படியேறினார்.

அண்ணாச்சி டிரம் மண்ணை விரலால் குத்திப் பார்த்தார். சொதசொதவென்று இருந்தது.

“இதுக்கு டெய்லி தண்ணியா?”

“ரெண்டு நேரம், அண்ணாச்சி.”

“அங்கன அவ்வளவு விவரமாக் காயப் போட்ட ஆளு, இங்கன ஏம்மா போடல?”

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

“அதெப்படி மனசு வரும் அண்ணாச்சி? இது என் செடில்லா!”

அண்ணாச்சி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.