பதினொரு முட்டையும் ஒரு வெட்டும்

கோழிக்காரிக்கு அந்தப் பெயர் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளைத் "தட்டு அக்கா" என்பார்கள். ஒரு நாளைக்கு எண்ணூறு தட்டு அவள் கையால் கழுவப்படும். அதற்கும் முன்னால், வேறொரு நாட்டில், அவளுக்கு ஒரு வீடு இருந்தது, கொல்லை இருந்தது, கொல்லையில் கோழி இருந்தது. அதெல்லாம் போய்ப் பத்து வருடமாகிறது. ஆனால் குணம் எங்கும் போகவில்லை. பிடித்தால் பிடித்ததுதான். வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டாள். சந்தோஷம் வந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் முதுகில் பளாரென்று ஒன்று விழும். தெரிந்தவர்கள் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள்.

புதுப் பெயருக்குக் காரணம் சித்திரக்காரி. முப்பது வயதுப் பெண், நகக்கண்ணெல்லாம் மை. பூட்டிக் கிடந்த ஒரு சலவைக் கடையை வாடகைக்குப் பிடித்து, நடுவில் கையால் சுற்றும் ஓர் அச்சு எந்திரத்தை நிறுத்தியிருந்தாள். சண்டைக்குப் பயந்து நாடு விட்டு வந்த ஆறு பெண்களைத் தேடிப் பிடித்து, ஆளுக்கொரு மரக்கட்டையும் உளியும் கொடுத்தாள்.

"அவசரத்துல விட்டுட்டு வந்த ஒண்ணை, மனசுல எப்படி இருக்கோ அப்படியே செதுக்குங்கக்கா. அதை அச்செடுப்போம். நீங்களே தைக்கிற துணிப் பெட்டிக்குள்ள ஆறு படத்தையும் வைப்போம். நாப்பதே நாப்பது பெட்டி. நாப்பத்தொண்ணாவது பெட்டி இந்த உலகத்துலயே கிடையாது. வாங்குறவங்க அதுக்காகத்தான் வாங்குறாங்க."

வீடு, மரம், ஆறு என்று செதுக்குவார்கள் என்று பாவம் அவள் எதிர்பார்த்திருந்தாள். ஒருத்தி, தையல் மெஷினில் ஊசி குத்தியபடியே நின்றுபோன பாதி ரவிக்கையைச் செதுக்கினாள். இன்னொருத்தி ரேடியோ. "நிறுத்தாமலே ஓடி வந்துட்டேன். பேட்டரி தீர்ற வரைக்கும் யாருக்குப் பாடிக்கிட்டு இருந்துச்சோ!" என்று அவள் சொன்னதிலிருந்து அவள் ரேடியோக்காரி. நம் ஆள் செதுக்கியது அடைகாக்கும் கோழி.

உளியை அதற்கு முன் தொட்டதே இல்லை. ஆனால் அடிப்பிடித்த அண்டாக்களோடு பத்து வருடம் மல்லுக்கட்டிய கை அது. வேலை முடிந்ததும் பஸ் பிடித்து நேராகப் பட்டறைக்கு வந்துவிடுவாள். ஒவ்வொரு இறகாகச் செதுக்கினாள். முட்டைகளை அலகால் புரட்டிவிடுவதற்காகக் கோழி பாதி எழுந்து நிற்கிறது. காலடியில் வரிசையாகப் பதினொரு முட்டை. முதல் தாளை அச்செடுத்துத் தூக்கிக் காட்டியபோது கட்டையில் இடப்பக்கம் பார்த்த கோழி தாளில் வலப்பக்கம் பார்த்தது.

"ஐயையோ, என் கோழி திரும்பிக்கிச்சு!"

"கோவிச்சுக்கிச்சோ என்னவோ, போய் சமாதானம் பண்ணு" என்றாள் ரேடியோக்காரி.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்தச் சிரிப்பில் சித்திரக்காரியின் முதுகில் விழுந்த அறையில் மை உருளை மேசைக்கடியில் போய்விட்டது. ஓவியமாம், கலையாம், யார் கண்டார்கள்! தன் கையிலிருந்து ஒரு கோழி உயிரோடு எழுந்து வந்ததே, அதுதான் அவளுக்கு ஆச்சரியம். அன்றைக்கு பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவரிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

இன்னொரு சந்தோஷமும் இருந்தது. "எல்லாம் முடிஞ்சதும் கட்டைய நீங்களே வீட்டுக்குக் கொண்டு போகலாம்" என்று சித்திரக்காரி சொல்லியிருந்தாள். அவ்வளவுதான், கோழிக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்யும் தன் வீட்டுக்காரரை அன்றே பிடித்து, கூடத்துச் சுவரில் துளை போட்டு ஆணி அடிக்க வைத்தாள். இரண்டு மாதமாக அந்த ஆணி ஒன்றையும் தாங்காமல் காத்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை கடைசிக் கட்டை அச்சேறியது, அது அவளுடையது. வெள்ளிக்கிழமை ஒரு மண்டபத்தில் கண்காட்சி. ஆறு பேரும் கூடி நின்று எண்ணினார்கள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாற்பதாவது தாள் எந்திரத்திலிருந்து வெளியே வந்ததும் பட்டறையே அலறியது. எதிர்க்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

அந்தக் கூத்துக்கு நடுவில் சித்திரக்காரி ஓர் உளியை எடுத்துத் துடைத்தாள். "இப்ப கட்டைகளக் கீறிடலாமா?" என்றாள், கையைக் கழுவிக்கொள்ளலாமா என்று கேட்கிற மாதிரி.

"எதைக் கீறணும்?"

"கட்டையத்தான்க்கா. இந்த விளிம்புல இருந்து அந்த விளிம்பு வரைக்கும் ஒரே வெட்டு. அப்புறம் அதுல ஒரே ஒரு தாள் அச்செடுத்துக் கண்காட்சியில மாட்டணும். இனிமே இந்தக் கட்டையில முழுசா படம் வராதுன்னு அதுதான் சாட்சி. நாளைக்குக் காலையில மண்டபத்துக்காரர் வந்து பார்ப்பாரு."

அச்சுத் தொழிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து அவள் நான்கு மாதமாகச் சொல்லாமலே விட்டிருந்தாள். முதலில் ரேடியோக்காரி உளியை வாங்கித் தன் ரேடியோவின் குறுக்கே சரக்கென்று இழுத்தாள். "அப்பாடா, இப்பவாவது நின்னுச்சே!" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். ரவிக்கைக்காரியும் கீறினாள். மற்ற மூவரும் கீறினார்கள்.

கோழிக்காரியின் முறை வந்தது. தன் கோழியின் நெஞ்சுக்குக் குறுக்கே கத்தியா? சித்திரக்காரி கையை நீட்டியதுதான் தாமதம், கட்டையை வெடுக்கென்று பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!"

"அக்கா, கீறலேன்னா நாப்பதுங்கிற கணக்குக்கே மதிப்பில்ல. உங்க படம் மட்டும் இல்ல, ஆறும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கு. ஒரு பெட்டிகூட வெளிய போக முடியாது."

"போகலேன்னா போகட்டும்!"

ரேடியோக்காரியின் முகம் தொங்கிப்போனது. "நான் மூணு வாரம் லீவு போட்டுப் பெட்டி தைச்சேன்டீ" என்றாள். கோழிக்காரி அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். கட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறி, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணி. பஸ்ஸில் நல்ல கூட்டம். புடவையெல்லாம் மை. தப்பு தன்மேல்தான் என்று அவளுக்குத் தெரியாமலா இருந்தது? ஐந்து பேர் உழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வருகிறோம் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் கை மட்டும் கட்டையை விடவில்லை.

வீட்டுக்காரர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். கட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டாங்களா மகாராணி! ஆணி இங்க துருப்பிடிச்சுக்கிட்டு இருக்கு, குடு இப்படி."

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவர் பதறிப்போனார். விம்மல்களுக்கு நடுவே பட்டறையில் நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், பத்து வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றும் வாயில் வந்துவிட்டது.

"அன்னிக்கு அதுமேல கூடையக் கவுத்துட்டு வந்தேங்க. நாய் புடிச்சிடக் கூடாதுன்னு. சாயங்காலம் திரும்பிடுவோம்னுதானே கெளம்பினோம்? கூடைமேல கல்லையும் வச்சேன். பெரிய கல்லு. அதால தள்ள முடியாது. இன்னும் மூணே நாள்ல குஞ்சு பொரிச்சிருக்கும். நான்தான் அதைக் கொன்னேன். இப்ப மறுபடியும் குறுக்கால வெட்டணும்னா எப்படி வெட்டுவேன்?"

அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கல்லைத் தூக்கிக் குடுத்ததே நான்தானே. நீ சின்னக் கல்லுதான் கேட்ட. நான்தான் பெருசா பாத்து எடுத்தேன்."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"லிஃப்ட்டுக்குள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்கன்னு போன் வருதில்ல, ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வருது. அதான் சோத்துல கைய வச்சிருந்தாலும் அப்படியே எழுந்து ஓடறேன்."

பத்து வருடம் ஒரே வீட்டில், ஒரே கல்லை ஆளுக்கொரு பக்கம் சுமந்திருக்கிறார்கள். அவள் மூக்கைச் சிந்தினாள். அவர் கட்டையை எடுத்து மடியில் வைத்து, கோழியைத் தொடாமல் முட்டைகளை மட்டும் விரலால் தடவினார்.

"மூணு நாள்தான் பாக்கி இருந்துச்சு, இல்ல?" என்றார்.

"மூணே நாள்" என்றவள் அவர் விரலைப் பார்த்தாள். அது முதல் முட்டையில் தொடங்கி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் துள்ளி எழுந்தாள்.

"எந்திரிங்க! பட்டறைய ஏழு மணிக்குப் பூட்டிடுவா!"

"என்னடி ஆச்சு உனக்கு?"

"எந்திரிங்கன்னா!"

முதுகில் ஓர் அறை. மனிதர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் ஓடினார். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இரண்டு நிறுத்தம் நடந்தே போனாள். நடந்தாள் என்பது பேருக்குத்தான். போகிற வழியெல்லாம் தானே பேசி, தானே சிரித்தாள். அழுது வீங்கிய முகத்தோடு சிரிக்கிறாளே என்று எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பட்டறையில் விளக்கு எரிந்தது. சித்திரக்காரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ரேடியோக்காரி. கோழிக்காரி நேராக உள்ளே போனாள். கட்டையை மேசையில் வைத்து, அகல உளியைத் தள்ளிவிட்டு, முனை கூரானதாக ஒன்றை எடுத்தாள். முட்டை வரிசையின் மட்டத்தில், இடது விளிம்பில் ஊன்றினாள்.

"விளிம்புல இருந்து விளிம்பு வரைக்கும், அப்படித்தானே சொன்னே?"

"ஆமாக்கா."

"நேராத்தான் போகணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே?"

சித்திரக்காரி புரியாமல் தலையாட்டினாள். உளி நகர்ந்தது. மேலே ஏறி, கீழே இறங்கி, கோணல்மாணலாக, ஆழமாக. ஒரு முட்டையிலும் நின்று யோசிக்கவில்லை. பதினொன்றையும் கடந்து வலது விளிம்பில் வெளியே வந்தபோதுதான் மூச்சுவிட்டாள். கோழிமேல் ஒரு கீறல் இல்லை.

சித்திரக்காரி மை உருட்டினாள். தாளைப் போட்டு, சக்கரத்தைச் சுற்றி, ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தாள். பழுப்பு நிறத்தில் பதினொரு முட்டை, ஒவ்வொன்றின் குறுக்கேயும் பளிச்சென்று வெள்ளை விரிசல். தலையைத் தாழ்த்திக் கோழி அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"இனிமே நாப்பத்தொண்ணு வராது" என்றாள் சித்திரக்காரி.

ரேடியோக்காரி, "அடிப்பாவி! இது முன்னாடியே தோணியிருந்தா நானும் என் ரேடியோவக் கொல்லாம பாட்டுக்கு ஒரு நெளிவு போட்டிருப்பேனே" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே திட்டினாள். அவளுக்கும் முதுகில் ஒன்று கிடைத்தது.

மறுநாள் காலை மண்டபத்துக்காரர் வந்தார். ஆறு கட்டையையும் விரலால் தடவிப் பார்த்துச் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. நாற்பது பெட்டியும் மேசைமேல் அடுக்கியிருக்க, சாட்சித் தாள்கள் ஆறும் சுவரில் தொங்கின. அங்கே யார் யாரோ வந்தார்கள், என்னென்னவோ பேசினார்கள். கோழிக்காரி கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் தன் கோழியைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேற்றிலிருந்தே தொண்டை கட்டியிருந்தது.

வீட்டுக்காரர் வேலை உடுப்போடு நேராக வந்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தத் தாளுக்கு முன்னால் போய் நின்று, இடப்பக்கத்திலிருந்து விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். ஐந்துவரை வந்து கணக்கு விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"பதினொண்ணுமா?" என்று கேட்டார், திரும்பாமலே.

"பதினொண்ணும்" என்றாள் அவள். "ஒண்ணுகூட கூமுட்டை இல்ல."