இசக்கிமுத்து நிராகரித்த கிராஃபிக்ஸ் கார்டு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கிராஃபிக்ஸ் கார்டின் மேல் கையெழுத்துப் போட்டேன்.

புத்தகத்தில் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடச் சான்றிதழில் போட்டிருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டில் பேப்பர் கிடைக்காத ஒரு அம்மாள் தாம்பூலப் பையை நீட்ட, அதிலும் போட்டிருக்கிறேன். ஆனால் கம்ப்யூட்டருக்குள்ளே போய் உட்காரும் பொருளில்... இதுதான் முதல் தடவை. என் கையெழுத்து இல்லாவிட்டால் அதை மாட்டவே முடியாது என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

குன்றத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு பையன்கள் வாடகைக்கு இருப்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு — மோட்டாரை அணைக்க மறந்து எங்கள் வாசலுக்குக் குற்றாலத்தைக் கொண்டுவந்தவர்கள். நால்வரும் தெற்கத்திப் பிள்ளைகள். ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வருவதால், நான்கு பேரையும் ஒன்றாகப் பார்ப்பது அபூர்வம்.

இவர்களில் மூத்தவன் இசக்கிமுத்து. வள்ளியூர்ப் பக்கம். தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவு. வெளியிலிருந்து வந்து இறங்கும் பாகங்களைச் சோதித்து, 'சரி', 'சரியில்லை' என்று சொல்வது அவன் வேலை. வீட்டிலும் அதையேதான் செய்கிறான். நான் கொடுத்தனுப்பிய பணியாரத்தைக்கூட வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவான். அடுத்தவன் நாசரேத்து ஜெபராஜ். அசெம்ப்ளி லைன். கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது.

இவர்களிடம் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதில் ஒரு கார் ரேஸ் கேம் உண்டு. அது ஓடாது... நடக்கும். கார் ஒரு வளைவுக்கு முன்னால் இருக்கும், கண் சிமிட்டினால் வளைவுக்குப் பின்னால் இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஸ்கூட்டியில் நாற்பதைத் தாண்டாதவள் நான். மாடியில் துணி காயப்போடப் போகிற சாக்கில் இருநூறில் போய்விட்டு வருவேன். என் வீட்டுக்காரருக்கு இது தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

தீபாவளி போனஸ் வந்தது. நான்கு பேரும் பங்கு போட்டு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது என்று முடிவானது. படத்தை வேகமாக வரைந்து திரைக்கு அனுப்புவதற்கென்றே இருக்கும் ஒரு பாகம். எனக்கும் ரிச்சி தெருவில் பிரிண்டர் இங்க் வாங்க வேண்டியிருந்ததால், சனிக்கிழமை அவர்களோடு கிளம்பினேன்.

அங்கே கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒரே விலை. ஒன்றில் 'இரண்டு ஜிபி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இன்னொன்றில் 'ஒரு ஜிபி'. நீங்கள் எதை எடுப்பீர்கள்? நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

இசக்கி ஒரு ஜிபியை எடுத்தான்.

"ஏல, ரெண்டு லிட்டர அதே வெலைக்குத் தாரான். நீ ஒரு லிட்டரு போதும்ங்க" என்றான் ஜெபராஜ்.

"அது பெரிய தொட்டி, சின்னக் கொழாய்ல. மெமரி பழைய வகை. இது சின்னத் தொட்டி, ஆனா தண்ணி பாயும். நம்ம மானிட்டர் பத்தொம்பது இஞ்ச். அதுக்கு இந்தத் தொட்டி பத்தாமப் போயிருமா?"

அதற்கும் மேலே ஒரு பெரிய கார்டு கண்ணாடிக்குள் மின்னிக்கொண்டிருந்தது. அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை வாங்கினால் அது குடிக்கும் கரண்டுக்கு வேறு பவர் சப்ளை வாங்க வேண்டும், கேபினெட்டில் அடங்காது, கேபினெட்டையும் மாற்ற வேண்டும். யானையை வாங்கிவிட்டு வீட்டுக் கதவை இடிக்கிற வேலை. மூன்று மாதமாக விமரிசனங்களைப் படித்து மண்டையில் ஏற்றி வைத்திருந்தான்.

"நான் சொல்லுதேன்ல. சரியா வரலன்னா நானே ரிஜெக்ட் பண்ணுதேன். ஏழு நாளைக்குள்ள குடுத்து, ரெண்டு ஜிபிய வாங்கிக்கிடுவோம்" என்றான். மற்ற மூவரும் அவன் வார்த்தையை நம்பிச் சரி என்றார்கள்.

மறுநாள் சோதனை. மாடியில் ஒரு தொழிற்சாலையே இறங்கியிருந்தது. இசக்கி மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் ஒயரை ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தான். உடம்பிலிருக்கும் மின்சாரம் கார்டைத் தாக்காமல் இருக்கவாம். நான் ஆசையாகக் குங்குமம் எடுத்துப்போனேன். கையைக் குறுக்கே நீட்டிவிட்டான்.

"அக்கா, தூசி ஆவாது. பொட்ட டப்பாவுக்கு வச்சிருங்க."

பிறகு ஒரு செக் ஷீட். அதில் பதினெட்டு வரி. டப்பா கிழிந்திருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, ஸ்க்ரூ துளை நேராக இருக்கிறதா... எல்லாவற்றையும் பார்த்து எழுதினான். கார்டை மாட்டுவதற்கு முன் ஒரு சட்டமும் போட்டான். தொழிற்சாலையில் புதுப் பாகத்தைச் சோதிக்கும்போது அந்தப் பாகத்தை மட்டும்தான் மாற்ற வேண்டும். மற்ற ஒயர், ஸ்க்ரூ, மேஜை எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். அப்போதுதான் பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று நேர்மையாகச் சொல்ல முடியும். தப்பில்லாத சட்டம்தானே?

கார்டு உள்ளே போனது. ஃபேன் சுற்றியது. கேமைப் போட்டார்கள்.

கார் வளைவுக்கு முன்னால் இருந்தது. கண் சிமிட்டினேன். வளைவுக்குப் பின்னால் இருந்தது.

நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று மூலையில் ஒரு எண் தெரியும். கார்டு இல்லாமல் பதினொன்று. கார்டோடு... பதினொன்று. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத காலம் இது. அதற்கு நடுவிலும் ஒரு வாரம் முழுக்க, ஷிப்ட் முடிந்து வந்தவன் எல்லாம் உட்கார்ந்து சோதித்தான். பதினொன்று. ஒருவன் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துப் பார்த்தான். பதினொன்று. ஜெபராஜ் பின்பக்கம் ஒயரை லேசாக அசைக்கப் போனதற்கு, "ஒயர்ல கை வைக்காதல" என்று விரட்டப்பட்டான்.

வெள்ளிக்கிழமை இசக்கி சிவப்பு மார்க்கரை எடுத்தான். கார்டின் முதுகில் 'ரிஜெக்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டான். தன் வாயால் சிபாரிசு செய்ததைத் தன் கையாலேயே நிராகரிக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? அந்த நேர்மையை நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டுதான் மறுநாளும் அவர்களோடு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கார்டைக் கையில்கூட வாங்கவில்லை.

"இன்னாப்பா இது? எய்தி, தேதி போட்டு, கையெயுத்தும் போட்டு எட்த்துகினு வந்துக்கீற. இத்த நா யார் தலையில கட்டறது?"

"ரிஜெக்ட் ஆன பார்ட்ல மார்க் பண்ணணும்ணே. இல்லன்னா நல்லதோட கலந்துரும்" என்றான் இசக்கி, மிகுந்த பணிவோடு.

"அதெல்லாம் உங்க கம்பெனில வெச்சிக்கோ. இங்க கோடு போட்டாலே ரிட்டன் கெடியாது. போர்டு மாட்டிக்கீது பாரு."

பார்த்தோம். மாட்டியிருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இசக்கி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். போரூர் தாண்டியதும் சொன்னான்.

"எம் பங்கு போனா போட்டும்க்கா. மத்த மூணு பேரும் நான் சொன்னேன்னுதான போட்டாங்க. இனும ரூம்ல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு 'இது சரி, அது தப்பு'ன்னு சொல்ல?"

ஆறுதலாக எதையோ சொன்னேன். என் காதிலேயே அது எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் ஒரு சட்டி மீன் குழம்போடு மாடியேறினேன். அதிசயமாக நான்கு பேரும் இருந்தார்கள். அதிசயமாகக் கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. வேறு வழியில்லாமல் கார்டை மறுபடியும் உள்ளேயே மாட்டி வைத்திருந்தார்கள். மேஜையில் செக் ஷீட் கிடந்தது. எழுத்து என்றால் பஜ்ஜி மடித்த காகிதத்தைக்கூட விடமாட்டேன் நான். எடுத்துப் படித்தேன்.

ஏழாவது வரி: 'பின்பக்க சாக்கெட் மூடி — இரண்டு. சேதமில்லை. இடத்தில் உள்ளது. ஓகே.'

"இசக்கி, இந்த மூடி எதுக்குப்பா?"

"தூசி போவாம இருக்கக்கா. ரப்பர்."

"இப்பவும் அதிலேயே இருக்கா?"

"ஆமாக்கா. ஒரு வாரமா அசையவே இல்ல. நல்ல ஃபிட்டிங்." குரலில் லேசாக ஒரு பெருமை.

"ரெண்டு சாக்கெட்டும் மூடியே இருந்தா, மானிட்டர் ஒயர் எங்கே சொருகியிருக்கு?"

இசக்கி பதில் சொல்வதற்குள் ஜெபராஜ் மேஜைக்கு அடியில் போய்விட்டான். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏல இசக்கி... ஒயரு பழைய எடத்துலதாம்ல கெடக்கு."

விஷயம் இதுதான். கார்டு வந்தபின் மானிட்டர் ஒயரைப் பழைய சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, கார்டின் சாக்கெட்டில் சொருக வேண்டும். சில கம்ப்யூட்டர்களில் கார்டு வந்ததும் பழைய சாக்கெட் தானே படுத்துவிடுமாம். திரை இருட்டாகி, தப்பு உடனே தெரிந்துவிடும். இவர்களுடையது பெருந்தன்மையான கம்ப்யூட்டர். பழைய வழியிலேயே படம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. 'பாகத்தைத் தவிர எதையும் மாற்றாதே' என்ற சட்டத்தால், ஒயர் மேல் ஒருவன் விரலும் படவில்லை. விருந்தாளியை உட்காரவைத்து, இலையே போடாமல், 'இவருக்குச் சாப்பிடத் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்ட கதை.

நான் சிரிக்கவில்லை. எனக்குத் தகுதி கிடையாது. எங்கள் புது வாஷிங் மெஷின் வந்த புதிதில் குளியலறையிலிருந்து ஹாலுக்கு நடந்து வந்தது. ஒரு வாரம் அந்தக் கம்பெனியைத் திட்டித் தீர்த்தேன். லாரியில் ஆடாமலிருக்கப் போட்டிருந்த போல்ட்டுகளைக் கழற்றவே இல்லை என்று, வந்த மெக்கானிக் என் வீட்டுக்காரர் முன்னிலையில் சொன்னார். நல்ல பொருளை மட்டுமா இப்படிச் செய்கிறோம்? 'வாயைத் திறக்காத மருமகள்', 'ஒன்றும் தெரியாத ட்ரெய்னி'... வாயைத் திறக்க விட்டோமா, வேலையைக் கொடுத்தோமா?

மூடி கழன்றது. ஒயர் மாறியது. நல்லவேளை, கரண்ட் இருந்தது. கேமைப் போட்டார்கள்.

கார் வளைவுக்குள் போனது. வளைந்தது. வெளியே வந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். சாலையில் மழை, அதில் விளக்கு வெளிச்சம், முன்னால் போகும் காரின் நம்பர் ப்ளேட். மூலையில் ஐம்பத்து மூன்று. ஜெபராஜ் இசக்கியைத் தூக்கிவிட்டான். அவன் இறங்கியதும் முதலில் செய்தது என்ன தெரியுமா? கேமில் நிழல்களின் தரத்தை மட்டும் ஒரு படி குறைத்து, மறுபடி எண்ணைப் பார்த்து, "இப்ப அறுவது. இதுல வச்சிக்கிடலாம்" என்றான். குரலில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மீன் குழம்பின் மிளகாய் நெடி என்று சொல்லிவைத்தேன்.

ஆக, சிக்கனமாக கேம் ஆட நினைக்கும் வாசகர்களுக்கு என் தீர்ப்பு: டப்பாவில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள், உங்கள் மானிட்டரைப் பாருங்கள். அதற்கு இந்த நடுத்தரக் கார்டு தாராளம். சத்தம் என் மிக்ஸியை விடக் குறைவு. நானும் ஓட்டினேன். முன்பெல்லாம் சுவரில் மோதுவது மங்கலாகத் தெரியும். இப்போது ஒவ்வொரு செங்கலும் தெரிந்தது.

ஆனால் இசக்கி முகம் மறுபடி சுருங்கியது. "ரிஜெக்ட் பண்ணின பார்ட்ட லைன்ல ஓட்டப்பிடாதுக்கா. எங்களுக்கு மேல உள்ளவுங்க பாத்து, கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்."

"யாரு போடணும்?"

"இந்த வீட்ல உங்களுக்கு மேல யாருக்கா இருக்கா?"

மோட்டார் போட மாடிக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் இதைக் கேட்டார். மறுக்கவில்லை.

கார்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். சிவப்பு எழுத்துக்குக் கீழே, பச்சை மார்க்கரில், தேதியோடு போட்டேன். திரும்ப மாட்டி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. அந்தப் புழுக்கத்தில் ஆறு பேரும் உட்கார்ந்து மீன் குழம்பைத் தீர்த்தோம். அவ்வளவு சிரிப்பை அந்த மாடி பார்த்து நாளாகிவிட்டது.

இசக்கி இப்போது புது செக் ஷீட் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறான். பத்தொன்பது வரி. முதல் வரி: 'மூடியைக் கழற்று.'

அதில் ஒரு நகல் வாங்கி வந்து எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டிவிட்டேன் — அது கம்ப்யூட்டருக்கு மட்டும் என்று அவன் எங்கேயும் எழுதவில்லை.