ஏற்றத்தில் விட்ட தெப்பம்

என் தம்பி இறந்துவிட்டார் என்று தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்தேன்.

கெர்லிங் கடைத்தெருவில் முதன்முதலில் தொலைபேசி வைத்தவன் நான். அந்தத் தொலைபேசியில் தம்பி செய்யாத குறும்பு கிடையாது. போலீஸ்காரர் மாதிரி பேசி, என் லோரியைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்வார். அவருடைய படகுத் தலைவர் ஆ லெக் மாதிரி சீனத் தமிழில் பேசி என்னை ஏமாற்றுவார். முதல் நாள் சாயங்காலம்கூட, "அண்ணே, ஞாயித்துக்கெழமை அண்ணிய கூட்டிக்கிட்டு வா. கெராங் சிப்பி கொழுத்துக் கெடக்கு, வயிறு முட்டத் திங்கலாம்" என்று பேசியவர்தான். ஆகையால் காலையில் ஆ லெக்கின் குரல், "அண்ணே, தம்பி செத்துப் போச்சு" என்றதும், "டேய், இன்னிக்கு நல்லாவே பேசுற. போயி வேலையப் பாருடா" என்று வைத்துவிட்டேன்.

மறுபடி மணி அடித்தது. இந்த முறை அந்தக் குரலுக்குப் பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

ஒரு வருடம் ஆகிறது. அந்தத் தொலைபேசி அடித்தால் இன்றைக்கும் என் கை சட்டென்று போவதில்லை.

நோய் என்று ஒருநாள் படுத்தவரில்லை. எத்தனையோ காற்றையும் மழையையும் கடலில் பார்த்தவர். அன்று படகு நல்லபடியாக வந்து, மீன் எல்லாம் கரையேறிவிட்டது. கோப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார். கோப்பி வந்தபோது அவர் இல்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இப்படியும் ஓர் உயிர் போகுமா?

இந்த நினைவு மலரில் தம்பியை 'அவர்' என்று எழுத வேண்டும் என்றார் அச்சகத்தார். எனக்கு வாயில் 'அவன்' என்றுதான் வருகிறது. ஆனாலும் நாலு பேர் படிக்கிற மலர், மரியாதை குறையக் கூடாது. தோட்டத்துப் பள்ளியில் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மற்ற எழுத்தெல்லாம் லோரிப் பலகையிலும் செய்தித்தாளிலும் நானாகவே கற்றுக்கொண்டது. யாரையும் வைத்து எழுதாமல் என் கையால் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் பிறந்தது கெர்லிங்குக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். லயத்துக்குப் பின்னாலேயே ஆறு. கல்லில் விழுந்து சலசலவென்று ஓடும். அந்த ஆறு சிலாங்கூர் ஆற்றில் கலந்து, பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டி, கோல சிலாங்கூரில் கடலில் விழுகிறது. அப்போது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு ஆறு என்றால் துணி துவைக்க, குளிக்க. தம்பிக்கோ அந்தத் தோட்டமே பிடிக்காது. பால்வாளி தூக்கினார், பால் வெட்டினார், வேலை வாங்கும் மண்டோரிடம் தினமும் வாய்ச்சண்டை போட்டார். "இந்த மரத்தப் பாத்துப் பாத்தே என் கண்ணு பச்சையாயிடும் அண்ணே" என்பார். எங்கள் அப்பா அந்தத் தோட்டத்திலேயே வேலை செய்து, அங்கேயே இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர். அதை நினைத்தாலே தம்பிக்கு முகம் மாறிவிடும்.

கடலைத் தம்பிக்குக் காட்டியது நான்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். என் முதல் லோரியை வாங்கி, தோட்டத்துக் கடைகளுக்குக் கருவாடு ஏற்றிவர, கோல சிலாங்கூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாசிர் பெனம்பாங் மீனவர் ஊருக்குப் போனேன். பாலம் கட்டாத காலம், பெர்ரியில் ஆற்றைக் கடக்க வேண்டும். மூட்டை தூக்கத் தம்பியை அழைத்துப் போனேன். மூட்டையெல்லாம் ஏற்றி முடித்தேன், ஆளைக் காணோம். மரப்பலகைத் துறையின் முனையில் உட்கார்ந்து, படகுகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், ஏறுடா லோரியில."

"நீ போ அண்ணே. நான் வரல."

"வராம? இங்க என்ன செய்வ?"

"அதையெல்லாம் வயிறு பசிச்சா யோசிச்சுக்கலாம்."

அடிக்கக் கை ஓங்கினேன். துறையில் நின்ற சீனர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர்தான் ஆ லெக். நான் "தம்பி, தம்பி" என்று கத்தியதைக் கேட்டு அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசிவரை சீனர், மலாய்க்காரர் எல்லோருக்கும் அவர் தம்பிதான். என்னைப் பார்த்து முதலில் கேட்பதே, "நீங்க தம்பிக்கு அண்ணனா?" என்றுதான். மூன்று லோரி வைத்திருக்கிற என்னை அந்த ஊரில் யாரும் முதலாளி என்று கூப்பிட்டதே இல்லை.

தோட்டத்து ஆள் கடலுக்குப் போவது சுலபமா? ஆரம்பத்தில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. கயிறு இழுத்துக் கை கிழிந்து, அந்தப் புண்ணில் உப்புத்தண்ணீர் பட்டு எரியும். படகில் ஒரே தமிழன், பேச்சும் புரியாது. ஆனால் விடவில்லை. உழைப்பு எங்கள் இரத்தத்தில் உள்ளது. போகப் போக அவர் ஹொக்கியென் சீனம் பேசினார், ஆ லெக் தமிழ் பேசினார். இரண்டு பேர் பேச்சையும் கேட்டால் சிரிப்புத் தாங்காது.

சொந்தக்காரர்கள் யார் போனாலும் தம்பி ஊரைச் சுற்றிக் காட்டுவார். இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அவரோடு குன்றின்மேல் ஏறி மூச்சு வாங்கியவர்கள்தான். சாம்பல்நிற லொத்தோங் குரங்குகளையும் அவற்றின் மடியில் தொங்கும் பொன்னிறக் குட்டிகளையும் காட்டுவார். "தாய் ஒரு கலரு, புள்ள ஒரு கலரு. தகப்பன் சந்தேகமே படாது பாருங்க" என்று சொல்லிப் பெண்களைச் சிரிக்க வைப்பார். பிறகு பழைய கோட்டை. கடலைப் பார்த்தபடி நிற்கும் பீரங்கிகளில் ஒன்றைத் தட்டிக்கொண்டே, டச்சுக்காரன் கப்பலில் வந்து கோட்டையைப் பிடித்ததையும், சுல்தான் காட்டுவழியே போய் ஆள் திரட்டி வந்து மீட்டதையும் நேரில் பார்த்தவர் மாதிரி சொல்வார். பொழுது சாய்ந்ததும் சம்பான் படகில் ஏற்றி, ஆற்றோர மரங்களில் மின்மினிகள் சேர்ந்தாற்போல மின்னி மின்னி அணைவதைக் காட்டுவார்.

ஆனால் அவர் பெருமையாகக் காட்டியது ஆற்றுத் தண்ணீரைத்தான். கடல் பொங்கும்போது தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும். அது ஏற்றம். பிறகு வடியும். அது வற்றம். வற்றத்தில் படகுகள் கடலுக்குப் போகும், ஏற்றத்தில் திரும்பும். கடை திறப்பது, சோறு வடிப்பது எல்லாம் அதை வைத்துத்தான். "இந்த ஊர்ல கடிகாரம் சொவத்துல இல்ல அண்ணே, ஆத்துல இருக்கு" என்பார். நானும் தலையாட்டினேன். பிறகு மறந்துவிட்டேன். எனக்கு ரோடுதான் தெரியும்.

ஒருமுறை குன்றின்மேல் கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்றபோது சொன்னார்:

"அண்ணே, நான் செத்தா என்னைத் தோட்டத்துப் பக்கம் கொண்டு போயிடாத. இந்த லைட்ஹவுஸ் தாண்டி, அங்க விட்டுடு."

"வாயக் கழுவுடா. நான் மூத்தவன் இருக்கேன்."

அவர் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி வாயிலிருந்து ஆசை என்று ஏதாவது வந்ததென்றால் அது ஒன்றுதான்.

தகனம் குறைவில்லாமல் நடந்தது. என் லோரிகளில் கெர்லிங், செரண்டா சனங்கள் எல்லாரையும் ஏற்றி வந்தேன். நம் தோட்டத்துக் கோவில் பண்டாரத்தை என் காரிலேயே அழைத்து வந்தேன். மறுநாள் பால் தெளித்து, எலும்பு பொறுக்கிக் கலயத்தில் வைத்தோம். பண்டாரம் பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் குறித்தார். வாழைத்தண்டில் தெப்பம் கட்டி, கலயத்தை வைத்து, சாமந்தி மாலை சுற்றி, சூடம் ஏற்றி, தம்பியின் மகன் துறைப் படியிலிருந்து தண்ணீரில் விட்டான். கடலுக்குப் போகாத படகுகளின் மேல் சீனர்கள் தலையில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"விட்டாச்சா? யாரும் திரும்பிப் பாக்காம நடங்க" என்றார் பண்டாரம்.

நடந்தோம். நம் வழக்கம் அது. விட்டதைத் திரும்பிப் பார்த்தால் போகிற உயிர் தயங்கும். நான் முன்னால், பையன் பின்னால். பலகைத் துறையின் கரை முனையில் பெண்கள் எங்களைப் பார்த்தபடி நின்றார்கள். நடுவில் தம்பியின் மனைவி. எங்கள் தோளுக்கு மேலே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முகம் திடீரென்று வெளிறியது.

"மாமா! அவரு அந்தப் பக்கம் போறாரு மாமா!"

"பாக்காதீங்க, பாக்காதீங்க!" என்று பண்டாரம் என் கையைப் பிடித்தார். "உசுரு திரும்பிடும்!"

"உசுரு என்னா சாமி திரும்புறது, ஆளே திரும்பிப் போறாரு! ஐயோ, தோட்டத்துக்குல்ல போறாரு!"

லோரி கவிழ்ந்தபோதும் கலங்காதவன் நான். அன்று கால் பலகையில் ஒட்டிக்கொண்டது. பையன், "பெரியப்பா, என்னா செய்றது?" என்றான். பண்டாரம் கையை விடவில்லை. வழக்கம் பெரிதா, தம்பி கேட்டது பெரிதா? நான் திரும்பினேன்.

சூடம் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெப்பம் பாலத்தை நோக்கிப் போனது. உள்நாட்டுக்கு, பத்தாங் பெர்ஜுந்தைக்கு, கெர்லிங்குக்கு, எங்கள் லயத்துப் பின்பக்கத்துக்கு. எங்களுக்குத் தெரிந்த ஆறு கீழேதான் ஓடும். எந்த நேரத்தில் எதை விட்டாலும் கொண்டு போய்விடும். மேலே ஏறும் ஆற்றில் நல்ல நேரம் எது என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது?

"ஆ லெக்! தண்ணி ஏறுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

அவர் விழித்தார். "நாங்க நெனச்சோம் அண்ணே, இது உங்க அடாட், உங்க வழக்கம். தம்பி ஊரு மேல. அவன ஊருக்கு அனுப்புறீங்கன்னு. எங்களுக்குப் புடிக்கல. ஆனா உங்க அடாட்ல நாங்க எப்படி வாயி வைக்கிறது?"

அத்தனை பேரும் மனசில்லாமல்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஆ லெக்கின் கண் சிவந்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எங்க அடாட் இல்லடா! அவன் கடலுக்குப் போகணும்!"

நான் சொல்லி முடிக்கவில்லை, படகின் இயந்திரம் கிளம்பிவிட்டது. நான், பையன், தம்பியின் மனைவி மூவரும் ஏறினோம். பண்டாரமும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார். "நான் விட்டது, நான்தான் முடிக்கணும்" என்றார். அந்தச் சொல்லுக்காகவே அவரை நான் கும்பிடுகிறேன். பாலத்தைத் தாண்டி, கரையோர நீப்பா பனை மட்டைகளுக்கு நடுவே தெப்பம் சிக்கி நின்றது. படகுக்காரர்கள் கைவைக்கவில்லை, பையனை இறக்கிவிட்டார்கள். இடுப்பளவு சேற்றில் இறங்கி அப்பாவைத் தூக்கி வந்து அம்மா மடியில் வைத்தான்.

ஏற்றத்தை எதிர்த்து ஓட்டிப் போய் விடலாமே என்றேன். ஆ லெக் தலையசைத்தார். "போலாம் அண்ணே. ஆனா தண்ணி மறுபடி உள்ள கொண்டாந்துடும். தம்பி காத்திருப்பான் லா. அவன் எப்பவும் காத்திருப்பான்."

துறைக்கு எதிரே, ஆற்று நடுவில் நங்கூரம் போட்டு உட்கார்ந்தோம். படகின் மூக்கு கடலைப் பார்த்து நின்றது. பண்டாரத்துக்கு நிற்கிற படகிலேயே வாந்தி. தம்பியும் முதலில் இப்படித்தான், அதே இடத்தில் சாய்ந்துகொண்டு, என்று ஆ லெக் சொன்னதும் தம்பியின் மனைவி அழுகையோடு சிரித்துவிட்டார். வெயில் ஏறியது. எல்லாரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். மிதந்து வந்த இலைகள் மெல்ல நின்றன. பிறகு யாரும் தொடாமலே படகின் மூக்கு திரும்பி எங்கள் ஊர்ப்பக்கம் பார்த்தது. ஆ லெக் எழுந்து, "வற்றம்" என்றார். தம்பி சொல்லிக்கொடுத்த தமிழ்ச் சொல்.

தண்ணீரோடு போனோம். குன்று, பீரங்கி, கலங்கரை விளக்கம் எல்லாம் பின்னால் போயின. பண்டாரம் புதுச் சூடம் ஏற்றிக் கொடுத்தார், பையன் தெப்பத்தை விட்டான். திரும்பிப் பார்க்காதே என்று அவர் சொல்லவில்லை. மஞ்சள் மாலை கண்ணுக்கு மறையும்வரை நாங்கள் அத்தனை பேரும், பண்டாரமும்தான், பார்த்துக்கொண்டே நின்றோம்.

எங்கள் துக்கத்தைத் தங்கள் துக்கமாக எடுத்துக்கொண்டவர்களுக்கு நான் கடன்பட்டவன். கடலுக்குப் போகாமல் படகை நிறுத்திய ஆ லெக்குக்கும் தோழர்களுக்கும், கூடாரம் போட்டுச் சோறாக்கிப் போட்ட பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், கெர்லிங், செரண்டா உறவினர்களுக்கும், இனிமேல் எந்த ஆற்றுக்குப் போனாலும் முதலில் தண்ணீரைப் பார்ப்பேன் என்று சொன்ன நம் பண்டாரத்துக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலாண்டுப் படையலை கெர்லிங்கில் என் புது வீட்டில் செய்யலாம். நூறு பேர் தாராளமாக உட்காரும் வீடு, நானே நின்று கட்டியது. ஆனால் அங்கே செய்யவில்லை. பாசிர் பெனம்பாங் துறையில்தான் இலை போடுகிறோம். எத்தனை மணிக்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் மணி சொல்லவில்லை. முன்னதாகவே வந்து, இந்த மலரை வாங்கிக்கொண்டு, துறை முனையில் தம்பி உட்கார்ந்த இடத்தில் உட்காருங்கள். தண்ணீரில் மிதக்கும் இலைகள் கடலைப் பார்த்துப் போக ஆரம்பித்ததும் எழுந்து வாருங்கள், சாப்பிடலாம்.